ரீபூட் அறிவிப்பு வந்ததும் காமிக்ஸ் ரசிகர்கள் செய்யும் தவறுகள்

2011-இல் அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம் தன் சூப்பர்ஹீரோ தொடர்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் முடித்துவிட்டு, 52 தொடர்களை நம்பர் 1 போட்டுப் புதிதாகத் தொடங்கியது. இப்படிப் பழைய கதையை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைத்தான் ரீபூட் என்கிறோம். ஆகஸ்ட் 31 அன்று ஜஸ்டிஸ் லீக் முதல் இதழ் வந்தது. மற்றவை செப்டம்பர் முழுக்க வாராவாரம் வந்தன. 904 இதழ்கள் ஓடிய ஆக்‌ஷன் காமிக்ஸும் 881 இதழ்கள் ஓடிய டிடெக்டிவ் காமிக்ஸும்கூட மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தன. 1996-இல் கல்யாணம் செய்துகொண்ட சூப்பர்மேனும் லோயிஸ் லேனும் இந்தப் புது உலகத்தில் கணவன் மனைவி இல்லை. மின்னல் வேகத்தில் ஓடும் நாயகன் ஃப்ளாஷாக இருந்த வாலி வெஸ்டின் சுவடே இல்லை.

வாலிக்காக நான் ரொம்ப நாள் வருத்தப்பட்டேன். 1959-இல் கிட் ஃப்ளாஷாக அறிமுகமான சிறுவன் அவன். 1986-இல் தன் குரு பாரி ஆலனின் உடையை எடுத்துப் போட்டுக்கொண்டான். அப்புறம் லிண்டாவைக் கல்யாணம் செய்து இரட்டைக் குழந்தைகளுக்கு அப்பாவும் ஆனான். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் ஒருவன் நம் கண்முன்னே வளர்ந்து பெரியவனாவது அபூர்வம். அந்த வளர்ச்சி முழுவதும் ஒரே மாதத்தில் இல்லாமல் போனால் யாருக்கும் வலிக்கும்.

ஆகவே ரீபூட்டைக் கண்டு கோபப்படுவதே தவறு என்று சொல்ல வரவில்லை. கோபம் நியாயமானது. அதை எங்கே காட்டுகிறோம், எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் அடிக்கடி வழுக்குகிறோம்.

"கன்டினியூட்டியே போச்சு" என்று பொத்தாம்பொதுவாகப் புலம்புவது

கன்டினியூட்டி என்பது கதைகளைக் கோத்து வைத்திருக்கும் நூல். நூலுக்காக யாரும் அழுவதில்லை, அதில் கோத்திருந்த ஒரு மணிக்காகத்தான் அழுகிறோம். உனக்குப் போனது எது? வாலியா, லோயிஸ்-கிளார்க் குடும்பமா, ஒரு குழுவின் நட்பா? அதைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். "எழுபது வருட வரலாற்றை அழித்துவிட்டார்கள்" என்றால் கேட்கிற ஆசிரியருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. "ஸ்டெஃபனி பிரவுன் எங்கே, கசாண்ட்ரா கெய்ன் எங்கே" என்று கேட்டால் அது பதில் சொல்லக்கூடிய கேள்வி. 2011-க்குப் பிறகு இந்த இரண்டு பேட்கேர்ள்களும் காணாமல் போனார்கள். ரசிகர்கள் வருடக்கணக்காக அவர்களைப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2014-இல் ஸ்டெஃபனியும் 2015-இல் கசாண்ட்ராவும் திரும்பி வந்தார்கள்.

எல்லாமே அழிந்துவிட்டது என்று நம்பிவிடுவது

முழுசாகத் துடைத்துப் போட்டு எழுதிய ரீபூட் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. 1985-86-இல் மார்வ் வுல்ஃப்மன் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைந்த 12 இதழ்கள் கொண்ட ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ பல உலகங்களை ஒன்றாக்கியது. ஏழாவது இதழில் சூப்பர்கேர்ள் இறந்தாள், எட்டாவதில் பாரி ஆலன் இறந்தார். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஜான் பைர்ன் 1986-இல் ஆறு இதழ்களில் சூப்பர்மேனை அடியிலிருந்து தொடங்கினார். வொண்டர் உமனை 1987-இல் பெரெஸ் அப்படியே தொடங்கினார். பேட்மேனோ அதே எண் வரிசையில் ஓடிக்கொண்டிருந்தார். 404 முதல் 407 வரையிலான நான்கு இதழ்களில் அவருடைய முதல் வருடக் கதையை மட்டும் திருப்பிச் சொன்னார்கள்.

அடுத்த இதழிலேயே, அதாவது 408-இல், ஒரு சின்ன அறுவைச் சிகிச்சை நடந்தது. பேட்மேனோடு சேர்ந்து சண்டை போடும் சிறுவனுக்கு ராபின் என்று பெயர். இரண்டாவது ராபினான ஜேசன் டாட் அதுவரை சர்க்கஸ் குடும்பத்துப் பையன், முதல் ராபின் டிக் கிரேசனின் நகல் மாதிரி. 408-இல் அவன் தெருவில் வளர்ந்தவன். பேட்மேன் நிறுத்திவிட்டுப் போன பேட்மொபைலின் டயர்களைக் கழற்றும்போதுதான் முதல்முறை அவரைச் சந்திக்கிறான். எனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும், பயமில்லாத பையன் என்று ஒரே பக்கத்தில் புரிந்துவிடும். பல வாசகர்களுக்கோ இந்த முரட்டு ஜேசன் ஒட்டவே இல்லை. 1988-இல் அவன் பிழைப்பதா சாவதா என்று டிசி தொலைபேசி வாக்கெடுப்பு வைத்தது. சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 வித்தியாசத்தில் செத்தான். உலகமே அழியும் பெரிய கதையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். ஒரு பாத்திரத்தின் தலையெழுத்தோ இந்த மாதிரிச் சின்னத் திருத்தத்தில் மாறிவிடுகிறது.

2011-இலும் இதே அரைகுறைதான். பேட்மேன் கதைகளும் கிரீன் லான்டர்ன் கதைகளும் பெரும்பாலும் பழையபடியே தொடர்ந்தன. ஆனால் சூப்பர்ஹீரோக்கள் உலகத்துக்கு வந்து ஐந்து ஆண்டுதான் ஆகிறது என்று புதிய விதி. அப்படியானால் டிக், ஜேசன், டிம், டேமியன் என்று நான்கு ராபின்கள் எப்படி அந்த ஐந்து ஆண்டுக்குள் வந்து போனார்கள்? டேமியன் பேட்மேனின் சொந்த மகன், பத்து வயது! ஒரு பக்கம் துடைத்து மறுபக்கம் துடைக்காமல் விட்டதால்தான் இந்தக் குழப்பம். அறிவிப்பைக் கேட்டதும் கத்துவதற்கு முன், எது நிற்கிறது, எது போகிறது, நிற்பதும் போவதும் எங்கே முட்டுகின்றன என்று பார்த்தால் உன் விமர்சனத்துக்கு வலு வரும்.

"பழைய புத்தகம் உன் அலமாரியில்தானே இருக்கிறது" என்று வாயை அடைப்பது

இது ரீபூட்டை வரவேற்கிறவர்கள் செய்யும் தவறு. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். சொல்வது பொய் இல்லை. யாரும் வீட்டுக்கு வந்து பழைய இதழ்களைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. ஆனால் மாதாமாதம் வரும் தொடர் என்பது கையில் இருக்கும் புத்தகம் மட்டுமில்லை, அடுத்த மாதமும் இவர்களைப் பார்ப்போம் என்ற எதிர்பார்ப்பும்தான். நண்பர் எழுதிய பழைய கடிதங்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன, இனிமேல் கடிதம் வராது என்றால், பெட்டியைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியுமா?

முன்பு பேட்கேர்ளாக இருந்த பார்பரா கார்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் வந்த ஒரு கதையில் ஜோக்கர் சுட்டதில் அவள் நடக்க முடியாமல் போனாள். 1989-இல் கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ரண்டரும் அவளை ஆரக்கிளாகக் கொண்டு வந்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, கணினி முன்னால், டிசி உலகத்தின் தகவல் மையமாகவே அவள் மாறினாள். 20 ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் இருந்தாள். 2011-இல் அவள் எழுந்து நடந்தாள், மறுபடி பேட்கேர்ள் ஆனாள். சக்கர நாற்காலியில் இருந்த வாசகர்களுக்கு, தங்களைப் போன்ற ஒருத்தி முதல் வரிசையில் நின்ற இடம் காலியாகிவிட்டது. பழைய இதழ்களை வைத்து அந்த இடத்தை நிரப்ப முடியாது. பேட்கேர்ளை மறுபடி பார்க்க ஏங்கியவர்களின் மகிழ்ச்சியும் உண்மையானதுதான். ஒருவர் மகிழ்ச்சியைச் சொல்வதற்கு இன்னொருவர் இழப்பைச் சின்னதாக்க வேண்டியதில்லை.

அட்டையில் பெயர் இருப்பவர் மேல் பாய்வது

அந்த பேட்கேர்ள் தொடரை எழுதியது கெயில் சிமோன். அதற்கு முன் ‘பேர்ட்ஸ் ஆஃப் பிரே’ தொடரில் வருடக்கணக்காக ஆரக்கிளை எழுதியவரும் அவரேதான். முதல் இதழில் பார்பரா மேல் ஒரு துப்பாக்கி நீள்கிறது. முன்பு குண்டு பாய்ந்த இடத்துக்கு நேராக. அவள் உடல் உறைந்துபோய் நிற்கிறாள். நடந்ததை மறக்காத ஒருவர்தான் அப்படி ஒரு காட்சியை வைப்பார். ஆரக்கிளை அழித்தவர் என்று அவரைத் திட்டுவதில் நியாயம் எங்கே இருக்கிறது?

டிசியின் போட்டி நிறுவனமான மார்வெலில் இதைவிடத் தெளிவான உதாரணம் உண்டு. 1987-இல் நடந்த ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கர் - மேரி ஜேன் கல்யாணத்தை 2007-இல் வந்த ‘ஒன் மோர் டே’ கதையில் மெஃபிஸ்டோ என்ற பேய் இல்லாமல் ஆக்கியது. அதை எழுதிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, கடைசி இரண்டு இதழ்களிலிருந்து தன் பெயரை எடுத்துவிட நினைத்ததாக வெளிப்படையாகவே சொன்னார். கல்யாணம் ஸ்பைடர்மேனுக்கு ஒத்துவராது என்ற கருத்து அப்போதைய தலைமை ஆசிரியர் ஜோ கெசாடாவுடையது. அவரும் அதை ஒளிக்கவில்லை. பெரிய ரீபூட் முடிவுகள் பெரும்பாலும் ஆசிரியர் குழுவிலும் நிர்வாகத்திலும் எடுக்கப்படுபவை. கதை எழுதுகிறவர் கையில் அது வேலையாக வந்து சேர்கிறது. எடுத்த முடிவை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். யாராக இருந்தாலும் அவர் வீட்டையும் உயிரையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் அதற்கு ரசிகர் என்ற பெயர் பொருந்தாது.

புதிதாக வந்த பாத்திரத்தைத் திருடனாகப் பார்ப்பது

1994-இல் கிரீன் லான்டர்னாக இருந்த ஹால் ஜோர்டனைக் கெட்டவனாக்கி, கைல் ரெய்னர் என்ற இளைஞனிடம் அவனுடைய சக்தி மோதிரத்தைப் போன்ற ஒன்றைக் கொடுத்தார்கள். ஹால் ரசிகர்கள் தனி அமைப்பே தொடங்கிப் போராடினார்கள். ஹாலுக்கு நடந்தது அநியாயம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கோபம் கைல் மேல் விழுந்தது. பத்து வருடம் கழித்து ஹால் திரும்பியபோது, கைலைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே இருந்தது. 2011-இல் மைல்ஸ் மோராலெஸ் ஸ்பைடர்மேனாக வந்தபோது நடந்தது இன்னும் மோசம். ஒரு பக்கம்கூடப் படிக்காமல் அந்தப் பையனின் தோல் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். அது விமர்சனமே இல்லை.

முதல் ஐந்தாறு இதழ்களையாவது படித்துவிட்டுப் பேசுவது நல்லது. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையா, தாராளமாக விட்டுவிடலாம். பிடிக்காததைப் பிடித்ததாக்கிக்கொள்ள யாரும் கடமைப்பட்டவர்கள் இல்லை.

திட்டிக்கொண்டே வாங்குவது

சுருக்கமாக ஒன்று. அமெரிக்கக் காமிக்ஸ் கடைகள் இதழ் வருவதற்கு முன்பே ஆர்டர் கொடுக்க வேண்டும், விற்காதவற்றைப் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. விற்பனை எண் என்று நாம் தூக்கிக் காட்டுவது பல நேரம் கடைகள் வாங்கிய எண்தான், வாசகர்கள் வாங்கியது இல்லை. நம்பர் 1 இதழுக்கு ஐந்தாறு விதமான அட்டைகள் போட்டாலே அந்த எண் எகிறிவிடும். அதனால் முதல் இதழ் எண்ணை வைத்து "பார்த்தாயா, ஜெயித்துவிட்டது" என்பதும் சரியில்லை, "தோற்றுவிட்டது" என்பதும் சரியில்லை. எவ்வளவு மோசம் என்று காட்டுவதற்காகவே மாதாமாதம் வாங்கினால், கணக்கில் நீயும் ஒரு வாசகர்தான். பிடிக்காததை நிறுத்து, பிடித்த சின்னத் தொடருக்குக் கடையில் முன்கூட்டியே சொல்லி வை.

புதியது வந்தால் பழையது போயே ஆக வேண்டும் என்று நினைப்பது

இதற்கு 1956 வரை பின்னால் போக வேண்டும். ‘ஷோகேஸ்’ நான்காவது இதழில் பாரி ஆலன் அறிமுகமாகிறார். மின்னல் தாக்குவதற்கு முன் அவர் கையில் ஒரு காமிக்ஸ் இருக்கிறது. 1940-இல் வந்த முதல் ஃப்ளாஷ் ஜே காரிக்கின் இதழ் அது. அதாவது பழைய நாயகன் இந்த உலகத்தில் வெறும் கற்பனைப் பாத்திரம். அப்படி ஒரேயடியாக ஒதுக்கிவிட்டுத்தான் புது ஃப்ளாஷைத் தொடங்கினார்கள்.

ஐந்து வருடம் கழித்து, 1961-இல், ஃப்ளாஷ் 123-ஆம் இதழ் வந்தது. அட்டையின் நடுவில் ஒரு செங்கல் சுவர். ஒருவர் மேல் இரும்பு உத்திரம் விழப்போகிறது, உதவிக்குக் கூப்பிடுகிறார். சுவருக்கு இந்தப் பக்கம் பாரி ஓடி வருகிறார், அந்தப் பக்கம் ஜே ஓடி வருகிறார். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதி கார்மைன் இன்ஃபன்டினோ வரைந்த அந்தக் கதை, ஜே வேறொரு உலகத்தில் உண்மையாகவே வாழ்கிறார் என்று சொன்னது. யாரையும் அழிக்காமல் இருவருக்கும் இடம் கிடைத்தது. 2000-இல் மார்வெல் ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ தொடங்கியபோதும், 2024-இல் டிசி ‘அப்சல்யூட் பேட்மேன்’ தொடங்கியபோதும் பழைய தொடர்கள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டுதான் இருந்தன.

2014-இல் வாலி வெஸ்ட் என்ற பெயரிலேயே ஒரு கறுப்பினச் சிறுவனை டிசி கொண்டு வந்தது. என் வாலி இல்லையே என்று எனக்கு வருத்தம் இருந்தது. பையன் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. 2016 மே மாதம் ‘டிசி யூனிவர்ஸ்: ரீபர்த்’ சிறப்பிதழ் வந்தது. பழைய வாலி காலத்துக்கு வெளியே சிக்கிக்கிடக்கிறான். தன்னை நினைவு வைத்திருக்கும் ஒருவரையாவது பிடித்துக்கொண்டால்தான் திரும்ப முடியும். தெரிந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போகிறான். லிண்டாவிடம் போகிறான், அவளுக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. கடைசியில் பாரியிடம் விடைபெற வருகிறான், உடம்பு மின்னலாகச் சிதறிக்கொண்டிருக்கிறது. அந்த நொடியில் பாரிக்கு நினைவு வருகிறது. கையைப் பிடித்து இழுக்கிறார், இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். 2014-இல் வந்த சிறுவனும் அதே பெயரோடு அங்கேயே இருந்தான், இப்போது இரண்டு வாலிகள்.