ஸ்ட்ராப் கட்டியும் சாகும் போர்டுகள்

உரசலில் ஏறும் ஸ்டேட்டிக் சார்ஜ் (நிலைமின்சாரம்) எலக்ட்ரானிக் போர்டுகளைக் கொல்லும். அதற்காக ரிஸ்ட் ஸ்ட்ராப் (உடம்பை எர்த்தோடு இணைக்கும் மணிக்கட்டுப் பட்டை) கட்டு, எர்த் கொடு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதைத் தாண்டி, புதிதாக வருகிறவர்கள் எங்கள் காலத்துக் கோளாறுகளையே மறுபடி செய்வதைப் பார்த்து எழுதுகிறேன்.

“ஷாக் அடிக்கலையே!”

ஸ்டேட்டிக் டிஸ்சார்ஜ் ஏறக்குறைய 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நம் விரலுக்கு உறைக்காது. 100 வோல்ட்டிலேயே சாகிற பாகங்கள் உண்டு.

முடித்த போர்டைச் சாதா பிளாஸ்டிக்கில் சுற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான். ஒரு பையன், நல்ல கைவேலைக்காரன். கன்ட்ரோல் போர்டுகளை ஸ்ட்ராப் கட்டியபடியே பழுது பார்த்தான். கடைசியில் அடிபடக் கூடாதே என்று சாதா பபிள் ராப்பில் சுற்றி அனுப்பிவிட்டான். போன இடத்தில் சில போர்டுகள் எழுந்திருக்கவே இல்லை. மற்றவை ஓடின, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

உடனே செத்தால் பரவாயில்லை, மாற்றிவிடலாம். கேட் ஆக்சைடு (உள்ளே இருக்கும் மெல்லிய மின்காப்புப் படலம்) பாதி அடிபட்ட மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) டெஸ்டில் பாஸ் ஆகிவிடும். பின்னால் ஒருநாள் கசிந்து படுக்கும். பபிள் ராப்தான் காரணம் என்று நிரூபிக்கவும் வழியில்லை. கெட்ட பெயர் பழுது பார்த்தவனுக்கு.

ஸ்ட்ராப் உங்கள் உடம்பிலுள்ள சார்ஜை மட்டுமே இறக்கும். பிளாஸ்டிக் மின்கடத்தாப் பொருள். உரசலில் ஏறிய சார்ஜ் அதில் அப்படியே நிற்கும், எர்த் ஒயரை மாட்டினாலும் இறங்காது. அதன் மின்புலத்தில் இருக்கும் போர்டு ஏதாவது உலோகத்தைத் தொட்டால், நானோ வினாடிகளில் டிஸ்சார்ஜ் பாய்ந்துவிடும். மேசையில் கிடக்கும் தெர்மோகோலும் செல்லோ டேப்பும் இதே ரகம்.

பிங்க் நிற ஆன்டி-ஸ்டேட்டிக் கவரை நம்பியும் பலர் ஏமாறுகிறார்கள். அது தானாகச் சார்ஜ் ஏற்றாது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. தடுப்பது உலோகப் படலம் உள்ள வெள்ளி நிறக் கவர். அதற்கும் வாயை மடித்து மூட வேண்டும். ஸ்டேப்ளர் அடித்தால் படலம் ஓட்டை. கசங்கியதைத் தூக்கிப் போடுங்கள்.

வெள்ளிக் கவரின் மேல் போர்டை வைப்பது

காப்பு உள்ளே வைத்தால்தான். அதன் மேல் வைத்து பவர் கொடுப்பது அதைவிட மோசம்.

பட்டன் செல் உள்ள போர்டைக் கறுப்பு ஃபோமில் குத்துவது

ஃபோம் மின்சாரம் கடத்தும். செல் காலி.

சட்டைக் கைமேல் ஸ்ட்ராப்

தோலில் படாவிட்டால் அது வெறும் வளையல்.

ஸ்ட்ராப்புக்குப் பதில் வெறும் ஒயர்

ஸ்ட்ராப்பில் உள்ள 1 மெகாஓம் ரெசிஸ்டர் உங்களுக்காக. தவறி மெயின்ஸைத் தொட்டால், அந்த ஒயர் வழியே பாயும் மின்சாரத்தை ஒரு மில்லியாம்பியருக்கும் கீழே நிறுத்துவது அதுதான்.

ஒயர் இல்லாத ஸ்ட்ராப்

வாங்காதீர்கள்.