கட்டுப்பாடான வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கணினி கற்றுக்கொடுக்கப் போகிறீர்களா?

பாடத்திட்டம் எழுத உட்காருவதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் அம்மாவைப் போய்ப் பாருங்கள். அப்பா சம்மதிக்க வேண்டும்தான், ஆனால் வகுப்பு பாதியில் நிற்காமல் இருப்பது பெரும்பாலும் அம்மா கையில். யார் சொல்லித்தருகிறார்கள், எத்தனை மணிக்கு முடியும், யார் கொண்டுவந்து விடுவார்கள் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள். முடிந்தால் முதல் வகுப்புக்கு அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

வீட்டில் நெட்டே கூடாது என்கிறார்களா? சரி, அது இல்லாமலே தொடங்கலாம். கிவிக்ஸ் செயலியில் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்துப் படிக்கலாம், கட்டங்களை இழுத்து அடுக்கி நிரல் எழுதப் பழகும் ஸ்கிராட்சையும் கணினியில் ஒருமுறை போட்டுவிட்டால் இணைய இணைப்பு தேவையில்லை.

அப்புறம் மின்னஞ்சல். அவசரப்படாமல் நிறைய நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். அண்ணன் நம்பரில் கணக்கு திறந்து, பாஸ்வேர்டையும் அவனே வைத்திருந்தால் அது அவள் கணக்கே இல்லை; நாளைக்கு அவன் சிம்மை மாற்றினால் ஓடிபி வராது, அவளுடைய விண்ணப்பம், சான்றிதழ் எல்லாம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டை அவளே யோசித்துப் போடட்டும், நீங்கள்கூட எட்டிப் பார்க்காதீர்கள். கூகுள் கணக்கு என்றால், பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கிற இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, அது தரும் 10 பேக்கப் கோடுகளை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும், ஆனால் போன் கையில் இல்லாத நாளில் பாஸ்வேர்டோடு இதைக் கொடுத்து உள்ளே போய்விடலாம். வீட்டுக்கே ஒரு போன்தான் என்றால், வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்வதை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

கடைசியாக, எல்லோரும் பேசத் தயங்குகிற விஷயம். யாராவது படத்தை வைத்து மிரட்டினால் அவள் வீட்டில் வாய் திறக்க மாட்டாள், சொன்னால் போனும் போகும் படிப்பும் போகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சேர்க்கும் அன்றைக்கே, என்ன நடந்தாலும் வகுப்பை நிறுத்த மாட்டோம் என்று பெற்றோரிடம் வாக்கு வாங்கிவிடுங்கள், அதுவும் அவள் எதிரிலேயே. மிரட்டல் வந்தால் பணம் கொடுக்கக் கூடாது, செய்திகளை அழிக்கக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் பிளாக் செய்ய வேண்டும். இணையத்தில் அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க உதவும் தளங்கள் இருக்கின்றன: 18 வயதுக்கு முன் எடுத்த படம் என்றால் டேக் இட் டவுன் (Take It Down), அதற்குப் பிறகு எடுத்தது என்றால் ஸ்டாப் என்சிஐஐ (StopNCII), இரண்டும் இலவசம். படத்தை யாருக்கும் அனுப்பிக் காட்ட வேண்டியதில்லை. அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு மட்டும் அவள் போனிலிருந்தே போகும், அதை வைத்து இத்திட்டத்தில் சேர்ந்திருக்கும் தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.