கொழும்பில் பூட்டன் பூட்டியின் பதிவைத் தேடப் போகிறவர்களுக்கு

விமானச் சீட்டு எடுக்கும் முன்னரே தொடங்கவேண்டிய வேலை இது. இரண்டு கிழமை லீவில் வந்து, ஒரு கிழமையைக் கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் கொடுத்துவிட்டு, மிச்ச நாட்களில் அப்பப்பாவின் தாய் தகப்பன் யார், அவர்கள் எங்கே எப்போது மணம் முடித்தார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பி வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதே வழக்கம். பெரும்பாலும் பதிவு எங்கோ இருக்கிறது. கேட்ட ஆண்டோ, பெயரின் முதல் எழுத்தோ, போன கந்தோரோ (அரச அலுவலகமோ) பிழைத்துவிடுகிறது.

முதல் விதி, அண்மைத் தலைமுறையில் தொடங்கிப் பழையதற்குப் போவது. பூட்டனின் கலியாணப் பதிவை நேரே தேடாதீர்கள். உங்கள் அப்பாவின், அவருடைய சகோதரர் எல்லாருடைய பிறப்புப் பத்திரங்களிலும் தொடங்குங்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்தவரா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்டது. அதற்குப் பிந்திய பிறப்புப் பத்திரங்களிலும் அந்தக் கேள்விகளுக்கான கூடுகள் வந்தன: பாட்டனின் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம், தகப்பன் வெளியே பிறந்தவரென்றால் பூட்டனுடைய விபரமும். ஆகவே ஐம்பதுகளில் பிறந்த ஒரு சித்தப்பாவின் பத்திரம், முப்பதுகளில் பிறந்த உங்கள் அப்பாவின் பத்திரத்தை விட ஒரு தலைமுறை கூடுதலாகப் பேசும். நேர்வழிப் பிள்ளையின் பத்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

‘பெற்றோர் விவாகமானவர்களா’ என்ற கூட்டையும் பாருங்கள். சிலவற்றில் ‘ஆம்’ என்று ஒரு சொல்தான் இருக்கும். சிலவற்றில் திகதியும் இடமும் இருக்கும். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அறிவித்தவர் யார் என்ற கூடு இன்னும் முக்கியம். தகப்பன் சொன்ன விபரத்துக்கும், பிரசவ நேரம் வீட்டிலிருந்த பெரியம்மா சொன்ன விபரத்துக்கும் வித்தியாசம் உண்டு. பெரியம்மா தாயின் வீட்டுப் பெயரைச் சொல்லியிருப்பார். தங்கம், பாக்கியம், இராசாத்தி என்று இடாப்பில் (பதிவேட்டில்) ஏறிய எத்தனையோ தாய்மாருக்குக் கலியாண எழுத்தில், அதாவது விவாகப் பதிவில், வேறு பெயர்.

விவாகப் பத்திரம் கிடைத்தால், அதில் இரு பகுதியாரின் பெயர், வயது, தொழில், வதிவிடம், முன்னர் மணமானவர்களா என்பது, இருவருடைய தகப்பன்மாரின் பெயர், சாட்சிகள் எல்லாம் இருக்கும். தாய்மாரின் பெயர் இருக்காது. தாயின் பெயருக்கு அந்த மணமகனின் பிறப்புப் பதிவுக்கோ மரணப் பதிவுக்கோ போகவேண்டும். மரணப் பத்திரத்தில் பெற்றோர் பெயருக்குக் கூடு உண்டு. ஆனால் அதை நிரப்பியவர் துக்கத்தில் நின்ற மருமகனாக இருக்கலாம். மாமனாரின் தாய் பெயர் அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு வாசியுங்கள்.

கலியாணத் திகதி பற்றி ஒன்று. எங்கள் ஆட்களுக்குத் தாலிகட்டு ஒரு நாள், எழுத்து இன்னொரு நாள். இரண்டுக்கும் நடுவில் சில நாளும் இருக்கலாம், பல வருடமும் இருக்கலாம். வழக்காற்றுப்படி நடந்த கலியாணம் பதியப்படாவிட்டாலும் செல்லும் என்று நீதிமன்றங்கள் ஏற்றுவந்ததால், எழுத்தே இல்லாமல் வாழ்ந்து முடித்த தம்பதிகள் ஏராளம். அரசாங்க உத்தியோகத்தர் சிலர் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்காகப் பிள்ளைகள் பிறந்த பின்னர் எழுதினார்கள். ஆகவே மூத்த பிள்ளை பிறந்த ஆண்டுக்கு முன்னால் ஐந்து வருடம் மட்டும் தேடி நிறுத்தாதீர்கள். பின்னாலும் பத்து வருடம் தேடுங்கள். எழுத்து கிடைக்கவில்லை என்றால் குடும்பத்துக்கு ஏதோ குறை என்று யாராவது மாமா முகத்தைச் சுளித்தால், அதைப் பொருட்படுத்தவேண்டாம்.

இனி எங்கே போவது. பிறப்பு, இறப்புப் பதிவை 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒழுங்குபடுத்தியது. பொது விவாகங்கள் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கண்டிய விவாகத்துக்கும் முஸ்லிம் விவாகத்துக்கும் வேறு வேறு இடாப்புகள். ஒரு நிகழ்வு எங்கே நடந்ததோ அந்தப் பிரிவில் பதிவாகும். குடும்பம் எங்கே இருந்தது என்பது கணக்கில்லை. வெள்ளவத்தையில் குடியிருந்தவரின் பிள்ளை டி சொய்சா ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் ஆஸ்பத்திரி இருக்கும் பிரிவில் பாருங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது வழக்கம் என்பதால், கொழும்புக்காரரின் மூத்த பிள்ளை சாவகச்சேரியிலோ மட்டக்களப்பிலோ பதிவாகியிருக்கும். கொழும்பு நகருக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என இரண்டு பிரதேச செயலகங்கள் உள்ளன. கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் ஒரே கந்தோர் அல்ல. 1960க்குப் பிந்திய பதிவுகளைப் பெரும்பாலும் எந்தப் பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். அதற்கு முந்தியவற்றுக்கு மூல இடாப்பு இருக்கும் இடம், அல்லது இரண்டாம் பிரதி இருக்கும் மாளிகாவத்தை மத்திய ஆவண அறை. போரில் வடக்கின் கந்தோர்கள் இடிந்தும் இடம்பெயர்ந்தும் போனதால், யாழ்ப்பாணத்து வேர் தேடுகிறவர்களும் கடைசியில் இந்த இரண்டாம் பிரதிக்காகக் கொழும்பில்தான் நிற்கிறார்கள்.

இப்போது கருமபீடத்துக்கு வருவோம். இங்கேதான் அதிகம் பேர் தோற்கிறார்கள். இங்கே கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். விண்ணப்பம் கொடுத்து, காத்திருந்து, ‘பதிவு இல்லை’ என்று கடிதம் வாங்கிக்கொண்டு, அதையே முடிவென்று எண்ணி விமானம் ஏறிவிடுவார்கள். அந்தக் கடிதத்தின் பொருள் மிகச் சிறியது: நீங்கள் எழுதிக் கொடுத்த பெயர், நீங்கள் எழுதிக் கொடுத்த காலத்துக்குள், அந்தக் கந்தோரின் இடாப்பில் அகப்படவில்லை. அவ்வளவுதான்.

ஏன் அகப்படாது? முதலாவது, திகதி. இடாப்பு பதிவு செய்த நாளின் ஒழுங்கில் ஓடுகிறது. பிறப்பை அறிவிக்க 42 நாள் அவகாசம் உண்டு. மார்கழியில் பிறந்த பிள்ளை அடுத்த ஆண்டின் இடாப்பில் இருக்கும். மூன்று மாதம் கடந்திருந்தால் சத்தியக்கூற்றோடு செய்த காலங்கடந்த பதிவு. அது வருடங்கள் தள்ளியும் கிடக்கலாம். சாதகத்தை வைத்துத் திகதி சொல்கிறவர்கள் இன்னும் கவனிக்கவேண்டும். பிரபவ வருடம் என்றால் 1867ம் ஆகலாம், 1927ம் ஆகலாம். அறுபது வருடச் சுற்று. தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால், அந்தப் பிரபவ வருடத்துத் தை, மாசிப் பிள்ளை 1928க்குரியது. நள்ளிரவு கழிந்து விடியுமுன் பிறந்த பிள்ளைக்குச் சாதகம் முதல் நாளைக் காட்டும், பதிவு மறுநாளைக் காட்டும்.

இரண்டாவது, பெயரே இல்லாத பதிவு. பழைய நாளில் பேர்வைக்கும் முன்னரே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள். பெயர்க் கூடு வெறுமையாகக் கிடக்கும், பின்னர் யாராவது போய்ச் சேர்த்தால்தான் உண்டு. அப்படிப்பட்டவரைத் தகப்பன் பெயரையும் தாய் பெயரையும் வைத்துத்தான் தேடமுடியும். விண்ணப்பத்தில் அதை எழுதுங்கள்: ‘பெயர் இல்லாத ஆண் பிள்ளை, தகப்பன் இன்னார்’ என்று.

மூன்றாவது, ஆங்கில எழுத்து. பழைய இடாப்புகளில் பல ஆங்கிலத்தில் உள்ளன. கந்தையா ‘கே’யிலும் இருப்பார், ‘சி’யிலும் இருப்பார். குமாரசாமியும் கனகசபையும் அப்படியே. சின்னத்தம்பி, செல்லையா ‘எஸ்’ஸிலும் ‘சி’யிலும் வருவார்கள். வல்லிபுரம் ‘வி’யில் இல்லையென்றால் ‘டபிள்யூ’வைப் பாருங்கள். ஐயாத்துரைக்கு ‘ஏ’யும் ‘ஐ’யும். இதற்கு மேல், எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வேலுப்பிள்ளை கந்தையாவை ஒரு எழுதுவினைஞர் வேலுப்பிள்ளையின் கீழும் இன்னொருவர் கந்தையாவின் கீழும் அட்டவணைப்படுத்தியிருப்பார். சிங்களத்தில் எழுதிய பதிவானால் இன்னொரு தரம் உருமாறியிருக்கும். இத்தனை வடிவங்களையும் ஒரு தாளில் மூன்று மொழியிலும் எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். கருமபீடத்தில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். தமிழில் விண்ணப்பிக்கவும் பதில் பெறவும் உங்களுக்கு அரசியலமைப்பு உரிமை தருகிறது. உரிமையைக் கைவிடாமல், அந்தத் தாளையும் கொடுங்கள். அதுதான் வேலையை நகர்த்தும்.

பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிரதிக் கட்டணம் குறைவு. தெரியாவிட்டால் தேடுதல் கட்டணம், அதுவும் குறுகிய கால எல்லைக்கு. எல்லையை நீட்ட நீட்ட வேறு விண்ணப்பம். கந்தோர் 8.30க்குத் திறக்கும். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் பூட்டு. பிரதி அன்றே கையில் வரும் என்று எண்ணி வேறு ஊருக்கு வாகனம் பேசிவிடாதீர்கள். முதல் கந்தோருக்கு முதல் கிழமையிலேயே போனால்தான் இரண்டாவது விண்ணப்பத்துக்கு நாள் மிஞ்சும். அந்த வாங்கில் காத்திருக்கும் மணிநேரங்களில், அம்மம்மாவின் தாய் பெயரை இத்தனை வருடத் தொலைபேசிப் பேச்சில் ஒரு தரமாவது கேட்டிருக்கலாமே என்ற எண்ணம் கட்டாயம் வரும். இன்னும் உயிரோடிருக்கும் பெரியவர் ஒருவராவது இருந்தால் கந்தோருக்கு முன்னர் அவரிடம் போங்கள். காலையில் போங்கள், பின்னேரம் களைத்துவிடுவார்கள். ‘எப்போது கலியாணம்’ என்று கேட்டால் தெரியாது என்பார்கள். ‘வெள்ளத்துக்கு முன்னமா பின்னமா, யார் தோழன், எந்தக் கோயில்’ என்று கேட்டால் சொல்வார்கள்.

அவர்கள் கட்டிலுக்கடியில் றங்குப் பெட்டி இருக்கும். பூச்சி உருண்டை மணத்தோடு, துணியில் சுற்றிய உறுதிகள் (சொத்துப் பத்திரங்கள்). சீதன உறுதி ஒன்று அகப்பட்டால் அது கலியாண எழுத்தை விடப் பெறுமதியானது: பெண்ணின் தாய் தகப்பன் இருவரும் பெயரோடு வருவார்கள், எங்கள் மகளுக்கும் இன்னாரின் மகனுக்கும் நடக்கவிருக்கும் விவாகத்தை முன்னிட்டு என்று காரணமும் எழுதியிருக்கும், திகதி கலியாணத்தை ஒட்டியிருக்கும். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டால் போதும். நொத்தாரிசு ஒவ்வொரு மாதமும் இரண்டாம் பிரதிகளைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். ஆகவே மூல உறுதி கறையான் தின்றதாக இருந்தாலும் பிரதி கேட்கலாம்.

பெட்டியைத் திறந்து காட்டும் உறவினர் பதிலுக்கு ஒன்று கேட்பார்: அற்றோணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம். ‘நீங்கள் வெளிநாட்டில், காணியைப் பார்க்க ஆளில்லை, அற்றோணித் தத்துவத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ தம்பி’ என்பார். இத்தனை வருடம் அந்தக் காணிக்கு வேலி அடைத்தவர் அவர். வரி கட்டியவர் அவர். கிழவியைக் கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோனவரும் அவர். அந்தக் கூச்சத்தில் கை தானாகப் பேனாவை எடுக்கும். எடுக்காதீர்கள். பொது அற்றோணித் தத்துவம் விற்கவும் ஈடுவைக்கவும் அதிகாரம் தரக்கூடியது. பராமரிப்புக்கு மட்டும், ஒரு காணிக்கு மட்டும், காலம் குறித்து எழுதலாம்; உங்கள் சட்டத்தரணி வாசித்த பிறகு மறுநாள் கையெழுத்திடலாம். வேலி அடைத்த செலவை விசாரித்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அது வேறு கணக்கு, அதைக் கட்டாயம் தீர்க்கவேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பமானால் கோயில் இடாப்பு அரச இடாப்பை முந்தும். ஞானஸ்நானப் பதிவில் ஞானத் தாய் தகப்பன் பெயரும் வரும். அவர்கள் அநேகமாக இரத்த உறவு. கொட்டாஞ்சேனை சாந்த லூசியா, கொச்சிக்கடை புனித அந்தோனியார் போன்ற பங்குகளில் பங்குத்தந்தையிடம் முன்கூட்டி எழுதிக் கேட்டுப் போங்கள். ஞாயிறு காலை போய் நிற்காதீர்கள். ஒல்லாந்தர் காலத் தோம்புகள் (பழைய பதிவேடுகள்) பிலிப் குணவர்தன மாவத்தையில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. தலைத் தோம்பில் குடும்பம் குடும்பமாகப் பெயர்கள், பள்ளித் தோம்பில் ஞானஸ்நானமும் விவாகமும். ஆனால் அவை ஒல்லாந்த மொழியில், பழைய கையெழுத்தில் உள்ளவை. 1867 வரை சங்கிலி அறாமல் வந்துசேராதவர்கள் அங்கே நாளைச் செலவழிப்பதில் பயனில்லை.

அதே நாளைப் பழைய பத்திரிகைகளுக்குக் கொடுங்கள். வீரகேசரி 1930இலிருந்தும் தினகரன் 1932இலிருந்தும் வருகின்றன. ஒரு மரண அறிவித்தலைப் போல உறவுமுறையை ஒழுங்காகச் சொல்லும் ஆவணம் வேறில்லை: காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் கனிஷ்ட புத்திரனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் மைத்துனரும் என்று மூன்று தலைமுறை ஒரு பந்தியில். மரணப் பத்திரத்தின் திகதிக்கு அடுத்த மூன்று நாள் பத்திரிகையைப் பாருங்கள். அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிட்ட கல்வெட்டு என்ற நினைவுப் பாடல் புத்தகமும் அப்படியே. வம்சாவளி வெண்பாவிலாவது இருக்கும். ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் நினைவு மலர்கள் பல உள்ளன, அதை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டு வரலாம்.

எடுத்த ஒவ்வொரு பத்திரத்திலும் இரண்டு பிரதி கேளுங்கள். ஒன்று உங்களுக்கு. மற்றதை உறைகளில் ஆண்டு எழுதி அந்த றங்குப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு வாருங்கள்.