டர்போஃபேன் எஞ்சினின் மீதி ஆயுளைக் கணிக்கும் முறை

நாசாவின் சி-மாப்ஸ் சிமுலேஷன் தரவில் (விமான எஞ்சின்கள் பழுதாகும் வரையிலான சென்சார் பதிவுகள்) எஃப்டி001 கோப்பிலிருந்து தொடங்குங்கள். பயிற்சிக்கு 100 எஞ்சின்கள், 21 சென்சார்கள், ஒரே இயக்க நிலை (பறக்கும் உயரம், வேகம் போன்றவை). 1, 5, 10, 16, 18, 19 ஆகிய சென்சார்களின் அளவு மாறுவதே இல்லை, நீக்கிவிடுங்கள்.

மீதி ஆயுளுக்கு 125 சுழற்சி (ஒரு சுழற்சி என்பது ஒரு பறப்பு) என உச்சவரம்பு வையுங்கள். தொடக்கத்தில் தேய்மானம் சென்சாரில் தெரியாது. தெரியாததைக் கற்கச் சொன்னால் கணிக்கும் மாடல் குழம்பும்.

பலரும் சறுக்குவது தரவைப் பிரிப்பதில்தான். 30 சுழற்சித் துண்டுகளாக ஒவ்வொரு சுழற்சியாக நகர்த்தி வெட்டினால், அடுத்தடுத்த துண்டுகளில் 29 வரிகள் பொதுவாக இருக்கும். அவற்றைக் கலைத்துப் பயிற்சி, சரிபார்ப்பு எனப் பிரித்தால் மாடல் விடையை முன்பே பார்த்துவிடுகிறது. பிழை பொய்யாகக் குறையும். முதலில் எஞ்சின் எண்படி பிரியுங்கள்: 80 பயிற்சிக்கு, 20 சரிபார்ப்புக்கு. அதன் பிறகே துண்டு போடுங்கள். சென்சார் அளவுகளைப் பொது அளவுகோலுக்குக் கொண்டுவர (நார்மலைஸ் செய்ய) வேண்டிய சராசரியும் திட்ட விலக்கமும் அந்த 80 எஞ்சின்களிலிருந்து மட்டும்.

அதே தரவின் எஃப்டி002 கோப்பில் ஆறு இயக்க நிலைகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக நார்மலைஸ் செய்யுங்கள், இல்லையேல் நிலை மாறும்போது வரும் ஏற்ற இறக்கத்தில் தேய்மானம் மறைந்துவிடும்.