டிசம்பர் கடைசியில் பாலக்கோட்டுப் பக்கம் பறவை தேடி வருகிறவர்களுக்கு

தொப்பி, தொலைநோக்கி, கொசுவத்தி பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்து மலைகளில் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிகிறோமே, கார்மின் இன்ரீச் மாதிரி சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கருவி, அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உரிமம் இல்லாமல் இங்கே வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். இன்னொன்று, சொத்து விஷயம் ஏதாவது பாக்கி இருந்தால் வருடப் பறவைக் கணக்கை முடிக்க ஊருக்கு வராதீர்கள். நான் வந்தேன்.

ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை பார்த்த பறவை இனங்களை எண்ணுகிற பைத்தியம் எனக்கு. போன டிசம்பரில் ஊருக்கு வந்தபோது 296. மூன்று சுலபமாகக் கிடைத்தன: கிருஷ்ணகிரி அணையில் ஆற்று ஆலா, கல்குவாரி ஓரத்தில் கொம்பன் ஆந்தை, மாந்தோப்பில் ஆறுமணிக்குருவி. முந்நூறுக்கு மிச்சம் இருந்தது மஞ்சள் தொண்டைச் சின்னான் ஒன்றுதான். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. எங்கள் நிலத்தை ஒட்டிய குன்றிலேயே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அப்போது அதற்குப் பெயர் இருப்பதுகூடத் தெரியாது.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள். காவிரி வடக்கு 2014 முதல் வன உயிரினச் சரணாலயம்; அதற்குள் சும்மா நடந்து போய்விட முடியாது. கேழ்வரகு அறுப்பு சமயத்தில் யானைக் கூட்டம் வயலுக்கே வரும். விடியுமுன் கேமராவோடு கிளம்புவது வீரம் இல்லை.

சரி, என் கதை. அண்ணன் போனில் சொன்னது இதுதான்: “நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போடா, அரை நாள் வேலை.” நிலம் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. போர்வெல் போட வங்கியில் கடன் கேட்டால் எல்லார் கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள். என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. நியாயமான கோரிக்கைதான்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த அரை நாள் மூன்று நாளானது. முதல் நாள் பெயர்த் தகராறு. பட்டாவில் நான் ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என் பெயருக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறது. “இது வேற ஆளுங்க” என்றார் எழுத்தர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கப் போனோம். இரண்டாம் நாள் சர்வர் படுத்துவிட்டது. வேப்பமரத்தடியில் நாற்பது பேர், நாலு நாற்காலி. மூன்றாம் நாள், டிசம்பர் 31, டோக்கன் வந்தது. விரல் ரேகை விழவில்லை. இருபது வருடமாக ஆஸ்பத்திரி வார்டில் கிருமிநாசினி தேய்த்த விரல்கள். தலையில் தேய், பேண்ட்டில் துடை என்றார்கள். அடுத்து அண்ணன் கையை வைத்தார். அதுவும் விழவில்லை. அவருடையது மண்வெட்டி தேய்த்தது. கருவியை இயக்கிய பெண், “ரெண்டு பேரும் நல்ல அண்ணன் தம்பிதான்” என்று சிரித்தார். அண்ணனும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நீங்களாவது இப்படிச் செய்யுங்கள்: உங்கள் ஊர் இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி, அத்தாட்சி வாங்கி அனுப்புங்கள். அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். நேரில் வர அவசியமே இல்லை. ஆனால் அண்ணன் “நேர்ல வா” என்றது பத்திரத்துக்காக மட்டும்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அப்புறம் ஒன்று. ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்கள் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம், விலைக்கு வாங்க முடியாது. அதாவது, எழுதிக் கொடுத்துவிட்டால் காசு கொடுத்துத் திரும்ப வாங்க வழியில்லை. இதை விமானத்தில் உட்கார்ந்து யோசியுங்கள், சார்பதிவாளர் மேசை முன்னால் அல்ல.

ஒருவழியாகப் பத்திரத்தை முடித்து வெளியே வந்தபோது மணி நாலரை. அண்ணன் டிவிஎஸ் எக்ஸெல்லில் நேராகக் குன்றடிக்குக் கொண்டுபோய் இறக்கினார். ஐந்தரைக்கு மேல் பாறை இடுக்குப் புதரில் ஒரு சின்னான் ஒரு நொடி திரும்பியது. வாலடியில் மஞ்சள். ஆனால் வெண்புருவச் சின்னானுக்கும் வாலடி மஞ்சள்தான். தொண்டையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வால் நுனியின் வெளிர் நிறத்தையாவது பார்க்க வேண்டும். இரண்டும் தெரியவில்லை. புதருக்குள் போய்விட்டது, வெளிச்சமும் போய்விட்டது.

“அதேதான்டா, போட்டுக்கோ. யாரு கேக்கப் போறா?” என்றார் அண்ணன். போட்டுக்கொள்ளவில்லை. 299.

அடுத்த தடவை அந்த வரப்பில் ஏற அண்ணனிடம் கேட்க வேண்டும். கேட்டால் திட்டுவார்.