குடும்ப வரலாற்றை இணையத்தில் தேடுவது எப்படி? முதல் முறை தேடுபவர்களுக்கான செய்முறை

கொள்ளுத் தாத்தாவின் பெயரை ஒரு தேடுபெட்டியில் போட்டால் ஆயிரக்கணக்கில் பெயர்கள் வந்து விழும். அதில் நம்மவர் யார் என்று அடையாளம் காணக் கையில் எதுவும் இல்லையென்றால், அந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை. ஆர்வத்தோடு தொடங்கும் பலர் இந்த இடத்திலேயே சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். வரிசையாகச் செய்தால் இது யாருக்கும் கைவரக்கூடிய வேலைதான். தெரிந்தவரிடமிருந்து தெரியாதவரை நோக்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போக வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதிவைக்க வேண்டும். இந்த இரண்டாவது பழக்கத்தை மட்டும் விடவே விடாதீர்கள்.

படி 1: தாளில் தொடங்குங்கள்

ஒரு தாளில் உங்களை எண் 1 என்று எழுதுங்கள். அப்பா 2, அம்மா 3. அப்பாவின் அப்பா 4, அப்பாவின் அம்மா 5, அம்மாவின் அப்பா 6, அம்மாவின் அம்மா 7. கணக்கு சுலபம்: ஒருவருடைய எண்ணை இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பாவின் எண் வரும், அதோடு ஒன்றைக் கூட்டினால் அம்மாவின் எண். மிக்கேல் ஐட்சிங்கர் என்ற ஆஸ்திரியர் 1590-லேயே பயன்படுத்திய முறை இது. இன்றைய மென்பொருள்களிலும் இருக்கிறது. உதாரணமாக, 13 யார்? 6-இன் அம்மா. 6 என்பவர் 3-இன் அப்பா, 3 உங்கள் அம்மா. ஆக, 13 என்பவர் உங்கள் அம்மாவழித் தாத்தாவைப் பெற்றவர். உறவுமுறையை வாயால் சொல்லிச் சொல்லிக் குழம்ப வேண்டியதில்லை.

ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர், பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைத் தேதியோடும் ஊரோடும் எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். ஊகமாக எழுதினால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அதை உண்மை என்று நீங்களே நம்பிவிடுவீர்கள்.

படி 2: வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்

பதிவேட்டை அடுத்த வருடம்கூடப் பார்த்துக்கொள்ளலாம். எண்பதைத் தாண்டிய பெரியவரிடம் கேட்பதை அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள்.

"உங்கள் அப்பா எந்த வருடம் பிறந்தார்?" என்று கேட்டால், பெரும்பாலும் "யாருக்குத் தெரியும்" என்றுதான் பதில் வரும். "உங்கள் தாத்தா இறந்தபோது நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்களா? உங்கள் தம்பி பிறந்துவிட்டானா?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் மூன்றாவது தானாக வந்து உட்காரும். அனுமதி கேட்டுக்கொண்டு கைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். அப்புறம், பழைய புகைப்படங்களின் பின்பக்கம், ஸ்டுடியோவின் முத்திரை, கடித உறையின் முகவரி எல்லாவற்றையும் படம் எடுத்துவையுங்கள். பழைய முகவரி ஒன்று கிடைத்தால் அது பெரிய துணை. ஒரே பெயரில் பத்துப் பேர் வரும்போது அவர்களில் நம்மவரைப் பிரித்துக் காட்டுவது ஊர்தான்.

படி 3: ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்

"என் பரம்பரை முழுவதும் வேண்டும்" என்று உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. "எண் 5 எங்கே, எந்த ஆண்டு பிறந்தார்?" என்பது தேடக்கூடிய கேள்வி. அது முடிந்த பிறகு அடுத்ததுக்குப் போகலாம்.

படி 4: கணக்கு தொடங்கித் தேடுங்கள்

முதல் தளமாக ஃபேமிலிசர்ச்சைத்தான் நான் சொல்வேன். முழுக்க இலவசம். அமெரிக்காவின் மார்மன் திருச்சபை நடத்துகிறது. அதன் உறுப்பினராக இல்லாத யாரும் கணக்கு தொடங்கலாம். 1938 முதல் உலகம் முழுவதும் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்து, சேர்ந்த சுமார் 24 லட்சம் சுருள்களை 2021-ல் டிஜிட்டலாக மாற்றி முடித்திருக்கிறார்கள். ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ் ஆகியவை பெரும்பாலும் சந்தாத் தளங்கள். எந்த நாட்டுப் பதிவேடு உங்களுக்குத் தேவை என்று தெரிந்த பிறகு, அது அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டினால் போதும்.

தேடும்போது எல்லாக் கட்டங்களையும் நிரப்பத் தோன்றும். நிரப்ப நிரப்ப நம்மவர் நழுவிப் போகும் வாய்ப்பும் கூடும். பெயர், ஊர், பிறந்த ஆண்டு மூன்று மட்டும் போடுங்கள். ஆண்டை 1900 என்று போடாமல் 1895 முதல் 1905 வரை என்று விரித்துப் போடுங்கள். அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடிதான் பெயரை எழுதியிருப்பார். நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரமும் நெடிலும் ஆளுக்கு ஒரு விதமாக மாறும். அதனால் சந்தேகமான எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறி போடுங்கள், அது ஓர் எழுத்துக்கு ஈடு. நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கு வேண்டுமானாலும் ஈடு. அப்படியும் வரவில்லையா? சரி, பெயரையே எடுத்துவிட்டு, பெற்றோர் பெயரையும் ஊரையும் மட்டும் போட்டுத் தேடுங்கள். பெயர் தப்பாக ஏறியிருந்த பலர் இப்படித்தான் கிடைப்பார்கள்.

குடும்பப் பெயர் என்பது எல்லா ஊர் வழக்கமும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஐஸ்லாந்தில் பெரும்பாலோர் இன்றும் தந்தையின் அல்லது தாயின் முதல் பெயரையே பின்னால் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரே வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் கடைசிப் பெயர் வேறு வேறாக இருக்கும்.

படி 5: மூல ஆவணத்தைத் திறந்து பாருங்கள்

தேடியதும் திரையில் வருவது ஆவணம் அல்ல. யாரோ ஒருவர், அல்லது ஒரு கணினி நிரல், ஆவணத்தைப் படித்துத் தயாரித்த சுருக்கம். பக்கத்தில் கேமரா குறி இருந்தால் மூலப் படம் இருக்கிறது என்று அர்த்தம். அதை அழுத்தாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

காரணத்தை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக 1,52,000-க்கும் அதிகமானோர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறினார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, ஊர், உடலில் உள்ள அடையாளம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். சுருக்கத்தில் பெயரும் வயதும் மட்டும் பார்த்து நகர்ந்துவிட்டால் தந்தை பெயரும் ஊரும் கைநழுவிப் போகும், அதாவது முந்தைய தலைமுறையே போய்விடும். முழுப் பக்கத்தையும் பார்த்தால் முன்னும் பின்னும் உள்ள எண்களில் மனைவியோ, தம்பியோ, அதே ஊர்க்காரரோ இருக்கலாம். எந்தப் பதிவேடாக இருந்தாலும் முந்தைய பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

தகவலைச் சொன்னவர் யார் என்பதும் முக்கியம். இறப்புச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியைச் சொன்னவர் அந்தப் பிறப்பின்போது பிறந்தேகூட இருக்கமாட்டார். அமெரிக்காவின் 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அந்த வீட்டில் கேள்விகளுக்குப் பதில் சொன்னவரின் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். வீட்டுக்காரி சொன்ன வயதா, மற்றவர் சொன்ன வயதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

படி 6: மூலத்தைக் குறித்து வையுங்கள்

ஒவ்வொரு தகவலுக்கும் கீழே ஒரு வரி: என்ன ஆவணம், எந்த ஆண்டு, எந்த ஊர், எத்தனையாவது பக்கம் அல்லது படம், எந்தத் தளம், நீங்கள் பார்த்த தேதி. படத்தையும் பதிவிறக்கி, கோப்புக்கு ஆண்டு, ஆவண வகை, நபர் எண் என்று பெயர் வையுங்கள். தேடியும் கிடைக்காததையும் எழுதுங்கள். அதே இடத்தில் மறுபடி தேடி ஒரு மாலையை வீணாக்க வேண்டாம்.

மற்றவர்கள் போட்ட வம்ச வரைபடங்கள்

உங்கள் முன்னோரை ஏற்கெனவே யாரோ ஒரு வரைபடத்தில் சேர்த்து வைத்திருப்பார்கள். ஒரே சொடுக்கில் ஐந்து தலைமுறையை நகலெடுத்துக்கொள்ளலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். அது துப்புதான், சான்று ஆகாது. ஒருவர் செய்த பிழையை நூறு பேர் நகலெடுத்தால், நூறு பேர் சாட்சி சொல்வது போலத் தெரியும். மூலம் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிள்ளை பிறந்தபோது தாயின் வயது பொருந்துகிறதா, தாய் இறந்த பிறகு பிள்ளை பிறந்திருக்கிறதா என்று கணக்குப் போட்டாலே பல வரைபடங்கள் ஆட்டம் கண்டுவிடும். ஃபேமிலிசர்ச், விக்கிட்ரீ ஆகிய இரண்டு தளங்களிலும் எல்லோருக்கும் பொதுவான ஒரே வம்ச மரம்தான். மறைந்தவர்களின் பக்கத்தை மற்றவர்களும் திருத்தலாம். அதனால் உங்கள் சொந்தப் பிரதியைக் கணினியில் தனியாக வைத்திருங்கள். கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் அதற்கு நன்றாக இருக்கும்.

பதிவேடே இல்லையென்றால்

சில பதிவேடுகள் இன்னும் திறக்கப்படவில்லை. அமெரிக்கா தன் கணக்கெடுப்புகளை 72 ஆண்டுகள் மூடி வைக்கிறது, 1950-க்கானது 2022 ஏப்ரலில்தான் வெளிவந்தது. இங்கிலாந்தில் இது 100 ஆண்டு. சில பதிவேடுகள் அழிந்தே போயின. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு 1942-ல் எரிந்தது, 1941-ல் போரினால் கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. ஆனால் 1939 செப்டம்பர் 29 அன்று, அடையாள அட்டை வழங்குவதற்காக வீடு வீடாக ஒரு பதிவேடு எடுத்தார்கள். பிறந்த தேதி, தொழில் எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு கதவு மூடியிருந்தால், அதே ஆட்களை அதே காலத்தில் வேறு யார் எதற்காக எழுதி வைத்திருப்பார்கள் என்று யோசியுங்கள்: பள்ளி, கோர்ட், வழிபாட்டுத் தலம், கல்லறை, ராணுவம், நிலப் பத்திரம்.

உயிரோடு இருப்பவர்கள்

உயிரோடு இருப்பவரின் பிறந்த தேதியையோ தாயின் பழைய குடும்பப் பெயரையோ பொதுவில் போடாதீர்கள். வங்கிகள் கேட்கும் பாதுகாப்புக் கேள்விகள் அவைதான். மரபணுச் சோதனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் என்பது என் கருத்து. அது உறவினர் இருப்பதைக் காட்டும், அவர் எந்த வழியில் உறவு என்பதை ஆவணங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேலும், நீங்கள் கொடுப்பது உங்கள் உடன்பிறந்தவர்களின் தகவலும்தான். அவர்களிடமும் கேளுங்கள்.

கடைசியாக, மாதம் ஒருமுறை உங்கள் மரத்தை ஜெட்காம் கோப்பாக ஏற்றுமதி செய்து வையுங்கள். ஏறக்குறைய எல்லா வம்சாவளி மென்பொருளும் படிக்கும் பொது வடிவம் அது. பெயர், தேதி, உறவு எல்லாம் அதில் போகும், ஆனால் பெரும்பாலும் புகைப்படங்கள் போகாது. படங்களையும் குரல் பதிவுகளையும் தனிக் கோப்புறையில் போட்டு, ஒரு பிரதியை இன்னொரு உறவினரிடம் கொடுத்துவையுங்கள்.