கமைலியோ மொடியூலின் சார்பை லூவாவிலிருந்து அழைப்பது எப்படி?

இணையவழித் தொலைபேசி அழைப்புகளை வழிப்படுத்தும் திறந்த மூலச் சேர்வரான கமைலியோவில், 2017 இல் வெளிவந்த 5.0 ஆம் பதிப்பு முதல் கெமி என்னும் இடைமுகம் உண்டு. அதனால் வழிப்படுத்தும் விதிகளை லூவா, பைதன், ஜாவாஸ்கிரிப்ற் ஆகிய மொழிகளிலும் எழுதலாம். ஆயினும் சேர்வருக்கு வசதிகளைச் சேர்க்கும் துணை நிரலான மொடியூலில் சி மொழியில் ஏற்கெனவே எழுதப்பட்ட சார்பொன்று (அழைத்தால் ஒரு வேலையைச் செய்து விடை திருப்பும் நிரல் பகுதி) அம்மொழிகளுக்குத் தானாகத் தெரியவராது. அதை நாமே பதிவு செய்ய வேண்டும்.

அழைப்பவரின் எண் யாழ்ப்பாணத்துக்குரிய 021 இல் தொடங்கினால் 1 ஐயும், இல்லையேல் -1 ஐயும் திருப்பும் சார்பொன்று நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம்.

முதலில் அந்தச் சார்பை இரண்டாகப் பிரியுங்கள். கமைலியோவின் சொந்த மொழியிலிருந்து வரும் பராமீற்றர் (சார்புக்குத் தரப்படும் பெறுமானம், இங்கே அழைப்பவரின் எண்), சேர்வர் தொடங்கும்போதே பதப்படுத்தப்பட்டு, உண்மைப் பெறுமானம் சார்பு இயங்கும் நேரத்தில் மட்டுமே கணிக்கப்படும் வடிவில் இருக்கும். லூவாவோ பெறுமானத்தையே நேரடியாகத் தரும். எனவே எண்ணைச் சோதிக்கும் வேலையை, அழைப்புச் செய்திக்கான சுட்டியையும் (நினைவக முகவரி) எழுத்துத் தொடரான சரத்துக்கான சுட்டியையும் பெறும் புதிய சார்புக்கு மாற்றுங்கள். வழக்கப்படி அதன் பெயர் 'கேஐ' என்னும் முன்னொட்டுடன் தொடங்கும். பழைய சார்பு பெறுமானத்தைக் கணித்துவிட்டுப் புதியதை அழைத்தால் போதும். அவசரத்தில் நிரலைப் பிரதியெடுத்து இரண்டு இடங்களில் வைத்தால், பின்னர் ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பீர்கள். கமைலியோவின் சரம் சுட்டியும் நீளமும் சேர்ந்தது. அதன் முடிவில் பூச்சிய எழுத்து இருக்குமென்று நம்பக்கூடாது. நீளம் 3 இற்குக் குறையவில்லை என்று பார்த்த பின்னரே ஒப்பிடுங்கள்.

அடுத்து, சார்புகளைக் கெமிக்கு அறிவிக்கும் ஏற்றுமதி அணியை எழுதுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் மொடியூலின் பெயர், லூவாவில் வழங்கும் பெயர், திருப்பும் வகை, சார்பின் சுட்டி, பராமீற்றர் வகைகளுக்கான ஆறு இடங்கள் என்பன வரும். நமக்கு முதலாவது இடம் சரம். மற்ற ஐந்தும் வெறுமை. சார்பின் சுட்டி வகையற்றதாகவே சேமிக்கப்படுவதால், இங்கே வகையைப் பிழையாக எழுதினாலும் தொகுப்பான் எச்சரிக்காது. சேர்வர் ஓடும்போதுதான் விழும். அணியின் இறுதி வரிசை முழுவதும் பூச்சியமாக இருக்க வேண்டும்.

பின்னர் மொடியூல் ஏற்றப்படும்போது இயங்கும் பதிவுச் சார்பில் இந்த அணியைக் கெமியிடம் ஒப்படைக்கும் ஒரே வரியைச் சேர்த்து, தொகுத்து நிறுவுங்கள். அமைப்புக் கோப்பில் லூவா மொடியூலையும் நமது மொடியூலையும் ஏற்றி, ஸ்கிரிப்ற் கோப்பின் இடத்தைக் குறித்து, வழிப்படுத்தும் பொறியாக லூவாவைத் தெரிவு செய்யுங்கள். ஸ்கிரிப்ற்றில் கெமியின் சார்புகளை அழைக்கும் முதற்பெயரான கேஎஸ்ஆர், மொடியூலின் பெயர், சார்பின் பெயர் என மூன்றையும் புள்ளியால் இணைத்து அழைக்கலாம்.

நான் முதன்முறை இதைச் செய்தபோது மன்னாரின் 023 எண்களும் தடையின்றிக் கடந்து சென்றன. சி நிரலை ஒரு மாலை முழுவதும் துருவிய பிறகுதான் பிழை லூவாவில் இருப்பது புரிந்தது: அம்மொழியில் பொய்யாவன இன்மையும் பொய் என்னும் பெறுமானமும் மட்டுமே, -1 உம், ஏன் 0 உம் கூட, மெய்தான். ஆகவே சார்பை நிபந்தனையில் வெறுமனே இடாமல், அது திருப்பியது 0 ஐ விடப் பெரிதா என்று எழுதுங்கள்.